முக்காலி கேட்டவள்

சட்டை தைக்கும் ஆலையில் இஸ்திரிப் பகுதிக்கு அக்காதான் மேற்பார்வையாளர். முப்பது பெண்கள் நாள் முழுக்க நின்றபடியே தேய்க்க வேண்டும். அவர்களில் ஒருத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கை. தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் முணுமுணுத்துவிடக் கூடாது என்பதில் அக்கா குறியாக இருந்தாள். வரிசையே தாமதமாக வந்தாலும் முதல் திட்டு தங்கைக்குத்தான். "மேடம் ஆள் பாத்துப் பேச மாட்டாங்க" என்று பெண்கள் சொல்வது காதில் விழுந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கைக்குப் பிள்ளை தங்கியிருந்தது. ஆறாம் மாதம் பாதங்கள் வீங்கிவிட்டன. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு முக்காலி போட்டுக்கட்டுமா? உக்காந்துக்கிட்டே தேய்ச்சிடுவேன். வேலை குறையாது."

"அது எப்படிம்மா முடியும்? உனக்குக் குடுத்தா நாளைக்கு முப்பது பேரும் வந்து நிப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அவங்க வயித்துல புள்ள இல்லையேக்கா."

"இங்க எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தங்கை தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த மேசைக்காரி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் தங்கையின் சட்டைகளில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளைத் துணி மூட்டையின் மேல் உட்காரவைத்தாள். அக்கா பார்த்துவிட்டாள்.

"அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாருங்க."

தங்கை எழுந்து நின்றாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலை, மேசை விளிம்பைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

"நின்னதாலதான் இப்படி ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். "ஆனா கால் வீங்கினப்பவே உக்கார விட்டிருக்கணும்."

முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா சில நாட்களை ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது வாக்கியம் அவளைத் தூங்க விடவில்லை.

கடைசியில் மேலாளரிடம் போய் நின்றாள். முடியாதவர்கள் உட்கார நாலு முக்காலி வேண்டும் என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்கதானேம்மா சொல்வீங்க?"

"சொன்னேன் சார். தப்பாச் சொல்லிட்டேன்."

முக்காலிகள் வந்தன. முழங்கால் வலியிருந்த ஒருத்தி ஒன்றில் உட்கார்ந்தாள். மூன்று காலியாகவே கிடந்தன. யாரும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்ளவில்லை, ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. இவர்கள் வாய்க்குப் பயந்தா தங்கையை நிற்கவைத்தோம் என்று நினைத்தாள் அக்கா. சட்டை மடிப்புக்குள் வைக்கும் அட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னைத் திட்டவாவது திட்டேன்டி."

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற யாராவது மேடமா இருந்திருந்தா சண்டை போட்டு உக்காந்திருப்பேன்க்கா. உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னுதான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடுப்படியில் அவள் புருஷன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.