வடக்கே போன கட்டை

ஏரிக்கரையில் லோரீன் நடத்துகிற தூண்டில் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தொங்குகிறது. இந்த ஏரியில் இதுவரை பிடிபட்ட ஸ்ட்ரைப்பர் என்கிற கோடு போட்ட மீனிலேயே பெரியது எது, பிடித்தது யார், எந்த இடத்தில், எவ்வளவு எடை என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதில் ஒரே பெயர்தான். ராய்ஸ் டாக்கெட், நாற்பத்தொரு பவுண்டு. என் வீட்டுக்காரர் டெல்மர் ஸ்ட்ரிப்ளிங் தினமும் காலையில் அந்தக் கடைக்குக் காபி குடிக்கப் போவார். வீட்டிலும் காபி உண்டு. அதையும் குடித்துவிட்டுத்தான் போவார். அந்தப் பலகையை ஒரு தடவை முறைத்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

அதில் தன் பெயர் ஏற வேண்டும். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. இருபத்தொன்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய இந்த நீவா சொல்கிறேன். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் "பாத்துக்கலாம்" என்பார். ராய்ஸ் நேற்று முப்பது பவுண்டில் ஒன்று பிடித்தானாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு. டல்லஸிலிருந்து வருகிற ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் பிடிக்க வைப்பது. ராய்ஸ் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சு. அப்போதே ஊமைக் குசும்பன்.

இங்கே மீன் பிடிக்கிற ஆண்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் கிழக்கில் பிடித்தவன் மேற்கு என்பான். ஆனால் டெல்மர் மாதிரி ஒருவரை நான் பார்த்ததில்லை. பிடித்த மீனோடு போட்டோ எடுக்கும்போது என்னைப் படகின் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார். கீழேயிருந்து எடுத்தால்தான் பின்னால் வானம் மட்டும் தெரியுமாம், கரை தெரிந்தால் இடம் தெரிந்துவிடுமாம். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்த்தால் அவர் ஆகாயத்தில் மீன் பிடித்தவர் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது பாதிரியார் கேட்டாலும், கையை விடாமலே, அவர் கண்ணைப் பார்த்து, "அணைக்கட்டுப் பக்கம், ஃபாதர்" என்பார். எங்கள் சர்ச்சில் ஃபாதர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. பொய் சொல்லும்போது மட்டும் அவருக்கு மரியாதை பொங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் நாற்பத்திரண்டு பவுண்டு மீன் என்று ஒன்றைக் கொண்டுவந்து லோரீன் தராசில் போட்டான். அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் ஐஸ். வேறு எங்கேயோ பிடித்து வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறான். டெல்மருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. கடையிலேயே ஒரு அட்டையை வாங்கி, தன் கையாலேயே சட்டம் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். 'மீன் தண்ணீரில் தூண்டிலோடு இருந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி, பிள்ளை, மைத்துனன், நாய் செல்லாது.' நாயை வைத்து ஒரு சிரிப்பு. மனைவி அந்தச் சிரிப்பில் சேர்ந்து போனாள்.

இந்த ஏப்ரலில் அவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, வீச்சுவலை போட முடியாது. உயிருள்ள இரைமீன் இல்லாமல் பெரிய மீன் கிடைக்காது. வசந்த காலத்தில் பெரிய பெட்டை மீன்கள் முட்டை வயிற்றோடு, ஓடைகள் ஏரியில் கலக்கிற வாய்களுக்கு ஏறி வருகிற பத்து நாளை விட்டால் அடுத்த வருடம்தான். ஆகவே நான் போனேன். விடியற்காலையில் குளிரில் நின்று, வலையின் ஈயக் குண்டு கோத்த ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசினேன். சேறும் ஈயக் குண்டும் சேர்ந்து ஒரு ருசி இருக்கிறதே, அது மத்தியானம் வரைக்கும் வாயை விட்டுப் போகாது. அவர் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் அகலமா விரியணும்" என்றார். விழுந்த இரைமீனையெல்லாம் வட்டத் தொட்டியில் போட்டேன். தொட்டியில் மூலை இருந்தால் அந்த மீன்கள் அதிலேயே மூக்கை முட்டி முட்டிச் செத்துப்போகும். இந்த விஷயத்தில் டெல்மருக்கும் அதுகளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்கு வடக்குக் காற்று பலமாக அடித்ததால் டல்லஸ் ஆட்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். எந்த ஓடை என்று கடைசியில் சொல்கிறேன். தூண்டில் நரம்பில் சிவப்பு பலூன் ஒன்றை மிதவையாகக் கட்டி, கீழே ஒரு இரைமீனைக் கோத்து விட்டார். ஏழரை மணிக்கு நான் சாண்ட்விச்சைப் பிரித்தபோது பலூன் தண்ணீருக்குள் போய்விட்டது.

தூண்டில் கழி வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்தியது. டெல்மர் முகம் வெளுத்துவிட்டது. "நீவா, இதுதான். இதுதான் அது" என்றார்.  அதே நேரத்தில் கரை முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. ராய்ஸ் படகு. கூடவே இரண்டு டல்லஸ்காரர்கள். காற்றுக்குப் பயப்படாதவர்களை அவன் எங்கிருந்துதான் பிடிப்பானோ.

வேறு எந்த மனிதராயிருந்தாலும் "ராய்ஸ், இங்க வா, பாரு" என்று கூப்பிட்டிருப்பார். சாட்சி கையெழுத்து தானாக மிதந்து வருகிறது. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ரீல் சத்தத்தை அணைத்தார். சட்டென்று உட்கார்ந்தார். கழியைத் தாழ்த்திப் படகின் விளிம்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

"சாப்பிடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "சாதாரணமா சாப்பிடு."

"யோவ், உனக்குப் பைத்தியமா? அவன்கிட்ட சொல்லு."

"சொன்னா இடம் போச்சு. பேசாம மெல்லு."

ராய்ஸ் நாற்பதடி தள்ளி மோட்டாரை நிறுத்தினான். "என்னப்பா டெல்மர், ஏதாச்சும் மாட்டுச்சா?"

"எங்க. காலையிலருந்து ஒரு கடி கூட இல்ல. தூண்டில் கட்டையில மாட்டிக்கிச்சு, அதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

"கட்டையா?"

"ஆமா, கட்டை."

அந்த நேரம் பார்த்து பலூன் மேலே வந்தது. வந்து, அடிக்கிற காற்றுக்கு எதிராக, வடக்கே போக ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

ராய்ஸ் குடுவையைத் திறந்து நிதானமாகக் காபி ஊற்றிக்கொண்டான். "உன் கட்டை பலூனைக் கட்டிக்கிட்டு வடக்க போவுதேப்பா."

"தண்ணிக்கடியில நீரோட்டம் இருக்கு."

டல்லஸ்காரர்களில் ஒருவர் பொறுக்க மாட்டாமல், "சார், அது மீன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றான் ராய்ஸ். "முப்பது வருஷமா இந்த ஏரியில படகு ஓட்டறவரு. அவரு கட்டைன்னா கட்டைதான்." பிறகு குரலை இறக்கினான். அதில் கிண்டல் இல்லை, அதுதான் எனக்கு இன்னமும் பொறுக்கவில்லை. "டெல்மர், கடைசியா கேக்கறேன். மீன்னா சொல்லு. நான் இங்கயே நின்னு பாக்கறேன், கையெழுத்தும் போடறேன்."

டெல்மரின் புஜம் ஆபரேஷன் தையல் தெறிக்கிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. "கட்டை" என்றார்.

ராய்ஸ் என் பக்கம் திரும்பினான். "நீவா, நீயாவது சொல்லேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறைய சாண்ட்விச். டெல்மர் என் காலை மிதித்தார். இருபத்தொன்பது வருடப் பழக்கம், சனியன், அதுவாக வந்துவிட்டது. "கட்டைதான்" என்றேன். அவர் சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிடுவேன். நான் சொன்னதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சரி, கட்டை பத்திரம்" என்று சொல்லி ராய்ஸ் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் நான் இடுப்பு வரை நனைந்து, மீனை அள்ளும் கைவலையை அதன் தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். என்னால் ஆகவில்லை. அவர் நல்ல கையால் பிடிக்க, இரண்டு பேருமாக மல்லாக்க விழுந்தோம், மீன் எங்கள் மேலே விழுந்தது. அப்படி ஒரு மீனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கோடுகள் எல்லாம் மையால் இழுத்த மாதிரி இருந்தன. டெல்மர் அழுதார். நான் சிரித்தேன், அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அப்புறம் கேட்டேன். "கையெழுத்து யாரு போடுவா?"

அவர் முகத்தில் அழுகையும் சிரிப்பும் அப்படியே நின்றுபோயின. படகைக் கரைக்குத் திருப்பினார்.

லோரீன் தராசு நாற்பத்து நான்கு பவுண்டு மூன்று அவுன்ஸ் காட்டியது. கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள்.  லோரீன் வயிற்றை அறுத்துப் பார்த்தாள், ஐஸ் இல்லை, முட்டைதான் குடம் குடமாக இருந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "எந்த இடம்?" என்றாள்.

"அணைக்கட்டுப் பக்கம்" என்றார் டெல்மர்.

"யாரு பாத்தா?"

டெல்மர் தொண்டையைச் செருமினார். "ராய்ஸ் பாத்தான்."

ராய்ஸ் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் அணைக்கட்டுப் பக்கமே போகலையே. உன்னை வேற இடத்துல பாத்தேன். அங்க நீ கட்டையில மாட்டிக்கிட்டிருந்த. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் கட்டைன்ன. நீவாவும் கட்டைன்னா. ரெண்டு பேரு சொன்னதை நான் எப்படி மீன்னு எழுதிக் கையெழுத்துப் போடறது?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எங்க நின்ன, என்ன நடந்துச்சு, இவங்க முன்னால வாயைத் திறந்து சொல்லு. சொன்னா போடறேன். என் பேரை நானே அழிக்கறேன்."

எட்டுப் பேரும் காபிக் கோப்பையை வைத்துவிட்டார்கள். டெல்மர் பலகையைப் பார்த்தார். எட்டுப் பேரின் காதுகளையும் பார்த்தார். அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. சொல்லய்யா, சொல்லித் தொலையேன் என்று நான் மனதுக்குள் கத்தினேன். இவ்வளவு வருடம் எதற்காக ஏங்கினாரோ அது கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. உண்மை ஒன்று சொன்னால் போதும்.

"அணைக்கட்டுப் பக்கம்" என்றார்.

லோரீன் பெருமூச்சு விட்டாள். ராய்ஸின் பெயரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினாள். 'மிகப் பெரிய கட்டை: டெல்மர் ஸ்ட்ரிப்ளிங், 44 பவுண்டு.' கடை சிரிப்பில் அதிர்ந்தது. ராய்ஸோடு வந்த டல்லஸ்காரர்கள்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுக்குச் சாட்சி வேணுமே" என்றான் ஒருவன்.

"மீனுக்குத்தான் பொண்டாட்டி ஆகாதுன்னு எழுதியிருக்கு" என்றாள் லோரீன். "கட்டைக்கு ஆவும்."

நான் டெல்மரைப் பார்த்தேன். அவர் தன் ஈர பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் கடித்த ஈயக் குண்டு ருசி இன்னும் என் வாயில் இருந்தது. சாக்பீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதையும் நிரப்பினேன். 'மல்பெரி ஓடை வாய், தெற்குக் கரை, சாய்ந்த கேதுரு மரத்துக்கு நேரே, பதினோரு அடி ஆழம்.'

மறுநாள் காலை அந்தக் கேதுரு மரத்துக்கு நேரே பதினான்கு படகுகள் நின்றன. ஞாயிற்றுக்கிழமை மீனை சர்ச்சில் பொரித்தார்கள், பாதிரியார் மூன்று துண்டு சாப்பிட்டார், எந்த இடம் என்று கேட்கவில்லை. டெல்மர் என்னோடு நாலு நாள் பேசவில்லை. கடைக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பலகையை அழிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

லோரீன் உள்ளே இரைமீன் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். டெல்மர் கல்லாவைச் சுற்றிப் போய், சாக்பீஸை எடுத்து, நல்ல கையால் பலகையில் ஏதோ எழுதினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார். பிறகு தனக்குக் காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். லோரீன் அவசரத்தில் விட்டுப்போன மூன்று அவுன்ஸைத்தான் சேர்த்திருந்தார்.