பத்து மதிப்பெண் இரங்கல்

1985 ஏப்ரல் 22ஆம் தேதி மாலை ஆறரை மணிக்கு, மேற்குத் தாம்பரம் மாவு மில் மாடியில் இயங்கிவந்த டுடோரியலில் இருந்தவர்கள்: ஆங்கிலம் நடத்திய சாம்பசிவன், பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் மூன்று முறை தோற்ற சாமுண்டீஸ்வரி, ஆறு முறை தோற்ற அசரியா, இந்த விவகாரத்தில் வாயே திறக்காத பதினோரு பேர், தபால்காரர் குப்புராஜ். சாமுண்டீஸ்வரி மார்ச் பரீட்சையில், விடைத்தாளின் ஒன்பதாம் பக்கத்தில், மோகன் என்ற இல்லாத ஆளுக்கு எழுதிய கடிதத்துக்கு அன்று பதில் வந்தது.

மோகனை உண்டாக்கியது சாம்பசிவன். பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் சொந்தப் பெயரையும் முகவரியையும் எழுதக் கூடாது. அடையாளம் காட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். அனுப்புநர் இடத்தில் எக்ஸ் ஒய் இசட் போட வேண்டும், பெறுநர் இடத்தில் கற்பனை முகவரி. 1973இல் சாம்பசிவன் மாதிரிக் கடிதங்களை நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டியபோது, எண் 14, ஐந்தாம் குறுக்குத் தெரு, முடிச்சூர் என்று எழுதினார். முடிச்சூரில் அப்போது நெல் வயல்தான் இருந்தது. முதல் குறுக்குத் தெருவே கிடையாது என்பதால் யாரும் புகார் சொல்ல வாய்ப்பில்லை. அந்த முகவரிக்கு நான்கு கடிதங்கள் உண்டு: விடுமுறைக்கு அழைப்பது, சுற்றுலாவை வர்ணிப்பது, முதல் வகுப்பில் தேறியதற்குப் பாராட்டுவது, தாயார் மறைவுக்கு இரங்குவது. நான்காவதுதான் அடிக்கடி கேட்கப்பட்டது. காலங்கள், செயப்பாட்டு வினை, உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் எல்லாம் தலையில் ஏறாதவர்களும் இரங்கல் கடிதத்தை மனப்பாடம் செய்தால் பத்து மதிப்பெண் நிச்சயம். பல்லாவரத்திலும் செங்கல்பட்டிலும் இருந்த டுடோரியல்கள் ஸ்டென்சிலை அப்படியே எடுத்துக்கொண்டன. பன்னிரண்டு வருடங்களில் மோகனின் அம்மா வருடத்துக்கு இரண்டு முறை, ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில் இறந்திருந்தார்.

சாமுண்டீஸ்வரியின் கணவர் ஜெயவேலு அரசு அலுவலகமொன்றில் ஜீப் ஓட்டியவர். 1983இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் வேலைக்குப் பதிலாக அவளுக்கு ரெக்கார்டு கிளார்க் வேலை தருவதாகச் சொன்னார்கள். 1985 டிசம்பர் 31க்குள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். மற்ற பாடங்களை முடித்துவிட்டாள். ஆங்கிலம் மட்டும் நின்றது. மார்ச் பரீட்சையில் இரங்கல் கடிதம் வந்தபோது மனப்பாடம் செய்த முதல் வரிக்குப் பிறகு எல்லாம் மறந்துபோனது. அவளுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எக்ஸ் ஒய் இசட் போட மறந்து, சொந்தப் பெயரையும் கடப்பேரி வீட்டு எண்ணையும் எழுதினாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள்: சாப்பிடு. சோறு இறங்காவிட்டால் ரசம் குடி. இருட்டில் உட்காராதே. பத்து நாள் ஆட்கள் வருவார்கள், அப்புறம் வர மாட்டார்கள். ஒரு வாக்கியத்திலும் வினைச்சொல் சரியாக இல்லை.

ரிசல்ட் வரும் முன்பே அடுத்த வகுப்பில் சேர்ந்துவிடுவது அங்கே வழக்கம். அதனால் வீடு பூட்டியிருந்ததைப் பார்த்த குப்புராஜ் நேரே மாடிக்கு வந்தார். இன்லேண்டு கடிதம். முத்திரையில் தேதி இருந்தது, ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சாம்பசிவன் வாங்கி முதலில் பிழை தேடினார். ஒன்றுகூட இல்லை. தன்னிடம் படித்தவர் யாரும் எழுதவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. பிறகு தமிழில் சொன்னார். பரீட்சை அன்று முதல் கடிதம் வரும்போது அம்மா அடுப்படியில் நன்றாகத்தான் இருப்பார், கடைசிக் கடிதம் வருவதற்குள் படுத்துவிடுவார் என்று மோகன் எழுதியிருந்தான். எல்லோரும் ஒரே நான்கு வரியை எழுதுகிறார்கள், யாரும் முகவரி தருவதில்லை, நிறுத்துங்கள் என்று யாரிடம் சொல்வதென்று இதுவரை தெரியவில்லை. நீங்கள் ஒருவர்தான் தந்திருக்கிறீர்கள். தயவுசெய்து செப்டம்பரில் எழுத வேண்டாம். அம்மாவுக்கு வயதாகிறது. ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க அதிக நேரம் ஆகிறது.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, உனுக்கு ரிப்ளையே வந்துகீது," என்றான் அசரியா. "எனுக்கு ஆறு வாட்டியா மார்க்கே வரல."

"வாய மூடுடா," என்றார் சாம்பசிவன். அவர் கடிதத்தைப் பிரித்து மறுபடியும் பிழை தேடியதைப் பதினோரு பேரும் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் சைக்கிளில் முடிச்சூர் போய் வந்தார். அவருக்கு இது கௌரவப் பிரச்சினை. தன் வட்டாரத்தில் தனக்குத் தெரியாத முகவரி இருக்கக் கூடாது. "தெருவும் இல்ல, வூடும் இல்லம்மா," என்று சாமுண்டீஸ்வரியிடம் சொன்னார். "வயலுதான். ஆனா வரப்பு மேல ஒரு எடத்துல நின்னா தாளிக்கிற வாசன வருது. ரெண்டடி தள்ளி நின்னா இல்ல."

ஜூனில் ரிசல்ட் வந்தது. அவளுக்கு முப்பத்து நான்கு. ஒரு மதிப்பெண் போதவில்லை. செப்டம்பர்தான் கடைசி வாய்ப்பு. அவள் சாம்பசிவனிடம் போய் அந்தக் கடிதத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

"பத்து மார்க்மா அது. கேரண்டி கொஸ்டின். அதையும் எடுத்துட்டா இவங்க எதுல பாஸ் பண்ணுவாங்க?"

"அந்தம்மா சாவுறாங்க சார்."

"நான் எடுத்தா மட்டும்? பல்லாவரத்துல எழுதுவான், செங்கல்பட்டுல எழுதுவான். எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. என் கையில இல்லம்மா இப்போ."

அவர் சொன்னது உண்மைதான். பெயரையாவது மாற்றிப் பார்ப்போமென்று புது ஸ்டென்சிலில் மோகனுக்குப் பதில் ரகு என்று வெட்டினார். மாணவர்கள் ரகு என்று படித்துவிட்டு நோட்டில் மோகன் என்றே எழுதினார்கள். ஆகஸ்டில் இரண்டாவது இன்லேண்டு வந்தது. அம்மா இப்போதே பயந்துகொண்டு அடுப்பை மூட்டுவதில்லை என்று அதில் இருந்தது.

"அவன் அம்மா யாரு, நீ யாரு?" என்றான் அசரியா. "கெடைக்கிற கவர்மெண்ட் வேலைய வுட்டுட்டு பேஜார் பண்ணாதக்கா. கண்ண மூடிகினு எழுதிட்டு வா."

செப்டம்பர் இரண்டாம் தாளில், நான்காவது கேள்வி: தாயை இழந்த நண்பனுக்கு ஆறுதல் கூறிக் கடிதம் எழுதுக. இந்த முறை நான்கு வரிகளும் சாமுண்டீஸ்வரிக்கு நினைவிருந்தன. எழுதினால் தேறிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். சுற்றிலும் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. முன் பெஞ்சிலிருந்த அசரியாவின் முதுகு மேலும் கீழும் அசைந்தது. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: உன் அம்மா சாகவில்லை. என் வீட்டுக்கு அனுப்பிவை. ஒரு போர்வை கொடுத்தனுப்பு. பக்கத்தின் அடியில் உறை வடிவக் கட்டம் போட்டு மோகனின் முடிச்சூர் முகவரியை எழுதினாள். திருத்தியவர் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று குறித்து சைபர் போட்டிருக்க வேண்டும். மொத்தம் முப்பத்தொன்று வந்தது. அசரியாவும் தோற்றான், ஆனால் அது எழுத்துப் பிழையால். டிசம்பர் 31 மாலை கோப்பு மூடப்பட்டது. ஜனவரியில் அவள் குரோம்பேட்டையில் தோல் கையுறை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள்.

அதற்குள் மோகனின் அம்மா வந்துவிட்டிருந்தார். நவம்பரில், நாலு நாளாக விடாமல் பெய்த மழையில், கையில் போர்வையுடன் வாசலில் நின்றார். குடை இல்லை, சேலை நனையவும் இல்லை. அறுபது வயதிருக்கும். பெயர் கேட்டபோது யோசித்துவிட்டு, யாரும் எழுதவில்லை என்றார். ரேஷன் கார்டில் மோகன் தாயார் என்றே பதிந்தார்கள். மகாபலிபுரத்தையும் வேடந்தாங்கலையும் பற்றி நிறையச் சொல்வார். எங்கே போனாலும் அன்று வானிலை இனிமையாக இருந்தது என்று முடிப்பார். மோகன் வரவில்லை. விடுமுறைக்கு அவனை மூவாயிரம் வீடுகளில் கூப்பிட்டிருந்தார்கள்.

வீடு மாறினால் சரியாகிவிடும் என்று சாமுண்டீஸ்வரி நினைத்திருந்தாள். 1986 மார்ச்சில், இரண்டாம் தாள் அன்று, பதினொன்றே காலுக்கு அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார். மூச்சு நின்றது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள், மாலை வந்தது, மூங்கிலுக்கு ஆள் போனது. ஒரு மணிக்கு அசரியா ஹால் டிக்கெட்டுடன் ஓடிவந்தான்.

"அக்கா, இந்த வாட்டி ஒரு மிஸ்டேக்கு இல்ல, சூப்பரா எழுதிகீறேன்," என்றபடி உள்ளே வந்தவன் கூட்டத்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணிக்கு அவர் மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். அசரியா நாற்பது மதிப்பெண்ணில் தேறி பஸ் கண்டக்டர் ஆனான். அதன் பிறகு அவன் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

1989இல் முடிச்சூர் வயல்களில் பிளாட் போட்டார்கள். நான்காம் குறுக்குத் தெருவுக்கு அடுத்து ஆறாம் குறுக்குத் தெருவுக்குக் கல் நட்டார்கள். மூன்று முறை சங்கிலி பிடித்து அளந்தும் அப்படியே வந்ததால் அப்படியே பதிவு செய்தார்கள். டுடோரியல்கள் பெருகின, எழுதுகிறவர்கள் பெருகினார்கள். மோகனின் அம்மா எழுந்திருக்கும் நேரம் இரண்டு மணியிலிருந்து மூன்றாகி, ஐந்தாகி, ஒருமுறை ஏழானது. கடப்பேரிக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் கதவைத் தட்டி ஒப்பாரி வைத்து அவரைத் தொந்தரவு செய்தார்கள்.

1994 மார்ச்சில், இரண்டாம் தாள் அன்று, சாமுண்டீஸ்வரிக்குக் காலை ஷிப்ட். பாயை மோகனின் அம்மாவே விரித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்.

"கெளம்பு, லேட்டாவுது."

"ஃபேன் போடட்டாம்மா?"

"எதுக்கு? கரண்டு தண்டம்."

சாமுண்டீஸ்வரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தாள்.