‘ச’ வர நாளாகும்

அர்ச்சுனன் வாத்தியாரானது பயத்தால்தான். பெடாஸுக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை. மலாயாவை ஜப்பான் பிடித்து ஆண்ட காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் ஜப்பான்காரன் லாரி தங்கள் பக்கமும் வரப்போகிறது என்று காதில் விழுந்ததும், தோட்டத்துக் கணக்கைப் பார்த்த யாழ்ப்பாணத்துக் கிராணி விசுவலிங்கம் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, ஜப்பான் பாஷை படிச்சு வாத்தியாரா இருக்கிறவையை அவங்கள் பிடிக்கிறேல்லை. சிரம்பானிலே வகுப்பு நடக்குது. நாளைக்கே போம்.”

தாய் தகப்பன் இல்லாத பத்தொன்பது வயதுப் பையன். போனான். அங்கே ஓர் எழுத்துத் தப்பினால் கன்னத்தில் ஓர் அறை. அப்படியே படித்து முடித்துத் திரும்பியபோது லாரி வந்து போயிருந்தது. தொழிலாளர் லயத்தில் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. பால் மரம் சீவுவது நின்றுபோய், மிச்சமிருந்தவர்கள் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆயாக்கொட்டகையின் தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவன் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினான். காலையில் ஜப்பான் பாட்டும் எழுத்தும், பிறகு கொஞ்ச நேரம் தமிழ். தனக்கு எப்படிச் சொல்லித் தந்தார்களோ அப்படியே அவனும் சொல்லித் தந்தான். அவன் கத்துவான், பிள்ளைகள் திருப்பிக் கத்த வேண்டும்.

எட்டு வயதுச் செல்லம் மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் அப்பா சன்னாசி அந்த லாரியில் போனவர். ஒருநாள் பொறுமையிழந்து அர்ச்சுனன் கையை ஓங்கினான். செல்லம் நகரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டி நின்றாள். அவனுடைய கன்னம்தான் எரிந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

“ஒனக்கு என்னதாம்மா வேணும்?”

“எங்க அப்பா பேர எழுதணும் சார்.”

“சன்னாசியா? இப்பத்தான் ‘ஆ’வுல நிக்கிறோம். ‘ச’ வர நாளாகும்லா.”

“அதுக்குள்ள அப்பா வந்துட்டா? எழுதிக் காட்டணுமே.”

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் செல்லம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

போய்க் கூட்டிவர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவள் அம்மா தாயம்மா இருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமல்தான் அவன் நடமாடிக்கொண்டிருந்தான். கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய் வாசலில் நின்றான். தாயம்மா கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி, உள்ள வர மாட்டியா?”

“அக்கா… அண்ணன் அங்க போயி, நான் இங்க…”

தாயம்மா அடுப்பிலிருந்து விறகை இழுத்து அணைத்தாள். “நீ போயிருந்தா அவரு இங்க இருந்திருப்பாரா? ஒனக்கும் சேத்து அழுதிருப்போம், அவ்ளோதான். இருக்கிறவன் இருக்கிற பிள்ளைங்களப் பாரு. அவ பின்னால கெழங்குக் கொல்லையில கெடக்கா. வந்தா கூட்டிட்டுப் போ. வரலைன்னா அடிச்சிடாத.”

கொல்லையில் செல்லம் குச்சியால் மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். அது எந்த எழுத்துப் போலவும் இல்லை.

“என்னம்மா இது?”

“ச.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நானே நெனச்சுக்கிட்டேன். அப்பா காலை மடக்கி உக்காந்திருக்காரு பாருங்க.”

அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குச்சியை வாங்கி, ‘சன்னாசி’ என்று பெரிதாக எழுதினான். செல்லம் விரலால் அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள். திடீரென்று அவள் முகம் மலர்ந்தது.

“சார், மொதல்லயும் ‘ச’, கடைசியிலயும் ‘ச’! கடைசி ‘ச’வுக்கு மட்டும் தலையில கொம்பு!”

இத்தனை நாள் கொட்டகையில் தொண்டை கிழியக் கத்தியதில் ஒரு பிள்ளைகூட ஓர் எழுத்தை இப்படிக் கண்ணால் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் அவன் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, “ஒங்களுக்கு என்ன எழுதணும்?” என்று கேட்டான். ஒருத்தி அம்மா பேரைச் சொன்னாள். ஒருத்தன் தன் ஆட்டுக்குட்டியின் பேரைச் சொன்னான். ஆகச் சின்னவன் நல்லசாமி, “சோறு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அர்ச்சுனன் மணலில் ‘சோறு’ என்று எழுதினான். அந்தப் பிள்ளைகள் சோறு தின்று மாதக்கணக்காகியிருந்தது. மறுநாளிலிருந்து காலையில் முதல் வேலை, பிள்ளைகளோடு ஆற்றோரம் போய்க் கீரை பறிப்பது என்றாயிற்று. கிழங்கும் கீரையுமாக ஏதோ கொஞ்சம் வயிற்றில் விழுந்த பிறகுதான் பாடம்.

கிராணிக்கு இது பிடிக்கவில்லை.

“என்ன தம்பி, அ, ஆ எண்டு ஒழுங்காத் தொடங்காமல் பிள்ளையளைக் குழப்பிறீரோ?”

“அதுங்களுக்கு வேண்டிய சொல்லுல தொடங்குறேங்க ஐயா. வரிசை பின்னால வரட்டும்.”

“வராட்டில்?”

“வர வைக்கிறது என் பாடுங்க.”

கிராணி பயந்ததிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ‘ங’வையும் ‘ஞ’வையும் எந்தப் பிள்ளையும் கேட்கவே இல்லை. கடைசியில் பிள்ளைகளை உட்காரவைத்து வரிசையையும் சொல்லித்தரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து உட்காரப் பழகியிருந்தார்கள். அவனும் அடிக்க வைத்திருந்த கம்பை அடுப்பில் போட்டிருந்தான்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனான். சயாம் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான முனியாண்டிதான் தாயம்மாவிடம் சொன்னார். சன்னாசி அங்கேயே காலராவில் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை செல்லம் கொட்டகைக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அர்ச்சுனன் பாடம் எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தான். மற்றப் பிள்ளைகளை விளையாடப் போகச் சொன்னான். அவர்கள் போகாமல் நெருங்கி வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். செல்லம் முதலில் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு அவன் கையில் சாய்ந்து தூங்கிப்போனாள். கை மரத்துப்போயும் அவன் அசையவில்லை.

கண் விழித்ததும் அவள் கேட்டாள். “சார், சண்டை முடிஞ்சிருச்சில்ல. நீங்க போயிருவீங்களா?”

“எங்கம்மா போறது? இங்கதான் இருப்பேன்.”

ஜப்பான் பாஷை வாத்தியாருக்கு இனி வேலை இல்லை என்று கிராணி அவனுக்குப் போர்டிக்சனில் ஓர் ஆபீஸ் வேலை பார்த்து வைத்திருந்தார். அர்ச்சுனன் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் சிரம்பானில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தான். அங்கே நரைத்த தலையுள்ள ஒரு பயிற்சியாளர், ஒரு வாத்தியாருக்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். இலக்கணம் என்றார்கள், கணக்கு என்றார்கள், கண்டிப்பு என்றார்கள்.

அர்ச்சுனன் எழுந்தான். “பிள்ளைக்கு என்ன வேணும்னு கேக்கத் தெரியணுங்க.”

“அப்புறம்?”

“பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கணுங்க.”

பயிற்சியாளர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

திங்கட்கிழமை காலை கொட்டகை வாசலில் புதிதாக ஒரு சிறுமி, அம்மாவின் சேலையை விடமாட்டேன் என்று அழுதுகொண்டு நின்றாள். அர்ச்சுனன் எழுந்து போய், அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தான்.