கோர்ட்டுக்குப் போகும் பூஜடை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதை இல்லை.

விழுப்புரத்துக்கு ஒரு படம் வந்தது. போஸ்டரில் ஒரு சின்னப் பெண் பலூன் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் படம் என்று நினைத்து ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனது.* நானும் போனேன். கூடவே பக்கத்து வீட்டு அம்சாவும் அவளுடைய ஆறு வயது மகள் ஈஸ்வரியும்.

படம் விவாகரத்தைப் பற்றியது. அப்பாவும் அம்மாவும் பிரிவதை ஒரு குழந்தை பார்க்கிறது. அது பார்ப்பதை மட்டும்தான் நாமும் பார்க்கிறோம். கேமரா மூன்றடிக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. புடவைக் கொசுவம், பேன்ட்டின் மடிப்பு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் நான்கு கால்கள், பிறகு ஒரு நாள் இரண்டே கால்கள். கடைசியில் ஜட்ஜ் அந்தக் குழந்தையைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, யாரிடம் இருக்க ஆசை என்று கேட்கிறார். குழந்தை வாயைத் திறக்கிறது. படம் முடிந்துவிடுகிறது.

"பலூன் எப்ப வரும்?" என்று பின்வரிசையில் ஒரு பையன் அழுதான். நான் அழவில்லை. மாத நாவல்களில் புருஷன் பெண்டாட்டிகளைச் சேர்த்துவைப்பது என் தொழில். அவர்கள் பிரிவதற்கு மட்டும் நான்கு பக்கம் வசனம் எழுதுவேன். இந்த ஆள் (டைரக்டரைத்தான் சொல்கிறேன்) நான்கு கால்களில் முடித்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது.

அம்சாவுக்கு எரிந்தது வேறு. வீடு திரும்பும்போது தெருமுனையில் நின்று கேட்டாள்:

"அந்தப் புள்ள யார் பேரச் சொல்லியிருக்கும்க்கா?"

(* தியேட்டர் பெயரைச் சொல்லமாட்டேன். மூட்டைப்பூச்சி அதிகம்.)

2

தொடக்கங்கள்.

'அம்மாவின் கொசுவம் கலைந்திருந்தது. அவள் அழுதிருக்கிறாள் என்று ஈஸ்வரிக்கு' (இது அவனுடைய கேமரா. அடித்துவிட்டேன்.)

'மழை சோவென்று பெய்துகொண்டிருந்தபோது அம்சா கதவைத் திறந்தாள். வாசலில்' (இது என்னுடைய பழைய நாவல். இதையும்.)

'அம்சாவும் சக்கரபாணியும் பிரிந்ததற்குக் காரணம்'

இதை நிறுத்திவிட்டேன். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: விவாகரத்து முடிந்துவிட்டது. ஈஸ்வரி யாரிடம் வளர்வது என்பது முடியவில்லை. அம்சாவுக்கு விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. சக்கரபாணி திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் கணக்கு எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை அங்கே போய்வரும். அங்கே இப்போது ராஜாமணி என்ற பெண் இருக்கிறாள்; சக்கரபாணி கட்டிக்கொள்ளப் போகிறவள்.

படம் பார்த்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை ஜட்ஜ் ஈஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதாக இருந்தது.

3

ராஜாமணியை எனக்குச் சரியாக எழுத வரவில்லை.

முதல் பிரதியில் கூர்மூக்கும் சிடுசிடுப்புமாக வந்தாள். என் வாசகிகளுக்குத் திட்டுவதற்கு ஆள் வேண்டாமா? ஆனால் நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த காரியம் அந்தப் பக்கங்களைக் கெடுத்துவிட்டது. ஈஸ்வரிக்குப் பூஜடை தைத்து அனுப்பியிருந்தாள்.

குழந்தைக்குத் தோள்வரைதான் முடி. 'வளரட்டும், அடுத்த வருஷம் தெச்சிக்கலாம்' என்று அம்சா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ராஜாமணி சவுரி வைத்து முடியை நீட்டி, மல்லிகை மொட்டும் கனகாம்பரமுமாக வரிசை வரிசையாக ஊசியால் தைத்து, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்துப் போட்டோவும் எடுத்திருந்தாள். அரை நாள் ஒரு குழந்தையின் பின்னால் உட்கார்ந்து பூத் தைக்கிறவளை எப்படிக் கெட்டவளாக்குவது? (கெட்டவளாகவும் இருக்கலாம். ஜட்ஜ் பார்க்கட்டும் என்றுதான் தைத்தாள் என்கிறாள் அம்சா. நான் ராஜாமணியைப் பார்த்ததே இல்லை.)

மொட்டுகள் அன்றிரவு விரிந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே வாசனை வந்தது. அந்தப் பக்கம் அம்சா அதன் அருகிலேயே படுத்திருந்தாள்.

4

திங்கட்கிழமை காலை, சுவர் வழியாக:

"வாடி, பிரிச்சிட்டு எண்ண வச்சிப் பின்னி வுடறேன். ஜல்தி."

"வாணாம்."

"கோர்ட்டுக்கு இந்தத் தலையோடயா வருவ?"

"ஆமா."

"அவ்ளோ புடிச்சிப்போச்சா?"

"கலையக்கூடாதுன்னு ராத்திரி முச்சூடும் குப்புறப் படுத்துக்கினு இருந்தேன் இல்ல?"

பிறகு அம்சா என் வீட்டுக்குள் வந்தாள். ஒரு கையில் ஈஸ்வரி, மறு கையில் கத்தரிக்கோல்.

"நீங்க சொன்னா கேப்பாக்கா. கொழாயில தண்ணி வந்துடிச்சி, புடிச்சிக்கினு வந்துடறேன். அதுக்குள்ள பிரிக்க ஒத்துக்கலன்னா சவுரியோட கத்திரிச்சிடுவேன்."

"ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே, அம்சா."

"உங்களுக்கென்ன. உங்க கதையில கடைசிப் பக்கத்துல எல்லாரும் சேந்துடுவாங்க. எம் புள்ள தலையில எவளோ ஊசி புடிச்சிருக்கா. அத ஜட்ஜு எதுருல காட்டறதுக்கு நானே கூட்டிக்கினு போவணுமா?"

கத்தரிக்கோலை என் மேசைமேல், இந்தக் காகிதங்களின்மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ராஜாமணியின் பெயர் வரும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்:

"ஏன் கண்ணு பிரிக்க வாணாங்கற?"

"தனகோட்டி பாக்கணும் பெரிம்மா."

தனகோட்டி எதிர்வீட்டுப் பெண். ஈஸ்வரியைவிடக் கொஞ்சம் பெரியவள்.

"அவ அனந்தபுரம் கல்யாணத்துக்குப் பூஜடை போட்டுக்கினு வந்தா. தொட்டுப் பாக்கறேன்னேன், உதுந்துடும் போடின்னுட்டா. இப்ப திருவெண்ணெய்நல்லூர் போயிருக்கா. மத்தியான பஸ்ஸுலதான் வருவா. அவ பாத்துட்டான்னா பிரிச்சிக்கலாம்."

"அவ தொட்டுப் பாக்கறேன்னா?"

"வுடமாட்டேன்."

5

அந்த நிமிடம் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றடி உயரத்தில் அவ்வளவு நேரம் கேமராவை வைத்திருந்தும் அந்த ஆளுக்குத் தனகோட்டி கிடைக்கவில்லை. அவனுடைய குழந்தை எந்நேரமும் அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னுடையதற்கு அவர்களைவிட எதிர்வீடு முக்கியம்.

சரி. தெரிந்துகொண்டதை இப்போது என்ன செய்வது?

(அ) அம்சாவிடம் சொல்லிவிடுகிறேன். அவள் சிரிக்கிறாள். பூஜடையோடு போகிறார்கள். "அழகா இருக்கே, யாரும்மா தெச்சி வுட்டது?" என்று ஜட்ஜ் கேட்கிறார். குழந்தை உள்ளதைச் சொல்கிறது. சக்கரபாணியின் வக்கீலுக்கு அது போதும்.

(ஆ) சொல்லவில்லை. கத்தரித்த தலையும் அழுத கண்ணுமாக ஈஸ்வரி அந்த அறைக்குள் போகிறாள். என்ன ஆச்சு என்று கேட்டால், அம்மாதான் என்பாள். கதைக்கு நல்ல முடிவு. கதைக்கு மட்டும்.

(இ) மழை. வாசலில் நனைந்தபடி சக்கரபாணி. என் ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் ஊசி குத்திய விரல்களோடு ராஜாமணி திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளை எங்கே அனுப் (இதையும் அடித்துவிட்டேன்.)

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னாலும் அம்சா நம்புவாளா? இரவெல்லாம் அந்த வாசனையில் விழித்துக் கிடந்தவளிடம், 'இதில் நீயும் இல்லை, அவளும் இல்லை' என்றால் அது ஆறுதலா, இன்னொரு அடியா? பத்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும். யோசிக்க அவளுக்கு நேரமும் கிடையாது.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு அம்சா என் படியேறுகிறாள். ஈஸ்வரி வாசற்படியில் பூட்டிய எதிர்வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், ஜடை கதவில் உரசிவிடாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டு. அவள் ஏன் பிரிக்க மறுக்கிறாள் என்பது சற்றுமுன் வரை எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அம்சா கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

"இன்னா சொன்னா?"

என்னைப் பார்க்காதீர்கள். உங்களைத்தான் கேட்கிறாள்.