எர்ணசேயில் ஒரு பொட்டிக்கடை ஓட்டல்

குணசேகரன் தூங்கினால் அவர்மேல் மட்டும் மழை பெய்தது. எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் அவர் வீடு இரண்டாவது மாடி. தலைக்கு மேலே இன்னொரு குடும்பம் இருந்தது, அதற்கும் மேலேதான் மொட்டைமாடி. ஆகவே கூரை ஒழுகுகிறது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் ராத்திரி ஷிப்டு முடித்து, காலையில் வந்து, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்வார். கண் அசந்ததும் முதலில் சாரல் அடிக்கும், அப்புறம் ஒரு குளிர்காற்று, அப்புறம் பொத்துக்கொண்டு ஊற்றும். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மாட்டியிருந்த புத்தர் படத்தின் மேல் ஒரு சொட்டு விழாது. அவர் விழித்ததும் மழை நின்றுவிடும். குடை விரித்துப் பார்த்தார்கள். குடைக்குக் கீழே பெய்தது. தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள். தார்ப்பாய் காய்ந்து கிடந்தது, மனுஷன் நனைந்து கிடந்தார். இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் பொங்கல் கழித்துத் தொடங்கிய இந்த மழை, அக்னி நட்சத்திரத்தில்கூட ஒரு நாள் லீவு விடவில்லை.

அது மெட்ராஸ் முழுக்கத் தண்ணீருக்குத் தவியாய்த் தவித்த வருடம். லாரி வந்தால் சண்டை, வராவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை. இப்படியிருக்க ஒரு வீட்டுக் கட்டிலின் மேல் மட்டும் நல்ல தண்ணீர் கொட்டுகிறது என்றால் பிளாக்கில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாவது வாரம் குடத்தோடு வந்தார்கள். சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சட்டென்று வேகிறது என்று பேச்சு பரவி, பக்கத்து பிளாக்கிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. 'அண்ணன் தூங்கிட்டாரா?' என்று வாசலில் நின்று அக்கறையாக விசாரிப்பார்கள். அவர் மனைவி ரமாபாய்க்கு முதலில் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். வியாசர்பாடியிலிருந்து வாழ வந்து இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்கு இவ்வளவு பேர் வந்ததே இல்லை.

பெருமை ஆனி மாதத்தோடு முடிந்தது. ராத்திரி முழுக்க உலைக்கு முன்னால் வேகிற உடம்பு பகல் முழுக்கக் குளிர்மழையில் ஊறினால் என்ன ஆகும்? குணசேகரனுக்கு இருமல் பிடித்தது, அப்புறம் காய்ச்சல், அப்புறம் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொழகொழவென்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இன்னும் ரெண்டு தரம் இப்படி நனைந்தால் ஆள் தேறமாட்டார் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரமாபாய் அவரைத் தூங்கவிடவில்லை. பிளாக்குக்குக் கீழே அவள் ஒரு பொட்டிக்கடை வைத்திருந்தாள். பீடி, வாழைப்பழம், பன்னு, தலைவலி மாத்திரை, சோடா. பவுண்டரிக்கு மெடிக்கல் லீவு சொல்லிவிட்டு அவரைக் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். தலை தொங்கினால் முறுக்கு ஜாடிகளின் மேல் தூறல் விழும். உடனே விலாவில் குத்துவாள். 'யோவ், முழிச்சிக்கோய்யா, முழிச்சிக்கோ' என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டும். தூங்கவும் கூடாது, தூங்காமல் இருக்கவும் முடியாது. ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்?

இந்த மழை எந்த ஊர் மழை என்று கண்டுபிடித்தது லியோனார்ட். ராயபுரத்துக்காரர், குணசேகரனின் பால்ய தோஸ்து, சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றிவிட்டுக் கரை சேர்ந்தவர். தூங்கும்போது என்னதான் மேன் தெரியுது என்று கேட்டார். படகு அணைகிற, கல்லில் கட்டிய ஒரு ஜெட்டி, அதன் மேல் நான் படுத்துக் கிடக்கிறேன், சுற்றிலும் கடல், மேய்கிற ஆடுகளுக்கெல்லாம் முதுகில் நீலச் சாயம் என்றார் குணசேகரன். ஒரு போர்டு இருக்கிறது, அதில் இங்கிலீஷில் 'எர்ண' என்று தொடங்கி வேறு எப்படியோ முடிகிறது. லியோனார்ட் தொடையில் தட்டினார். 'எர்ணசே மேன்! ஸ்காட்லாண்டுல ஒரு தீவு. நம்ம கப்பல் அந்தாண்டையா போயிகீது. எப்பப் பாத்தாலும் மழை, ஒரே பேஜாரு.' எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. குணசேகரன் எர்ணாவூரில் இறங்குகிறார், அவருடைய தூக்கம் போர்டைப் பாதி படித்துவிட்டு எர்ணசேயில் இறங்குகிறது. அரைத்தூக்கத்தில் ஸ்டாப்பிங் மாறி இறங்காதவர் நம்மில் யார்? அதனால் இதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூக்கத்தைத் திரும்பி வரச் சொல்ல வழியில்லை. அங்கேயே அதற்கு ஒரு கூரை பார்த்துக் கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. திருவொற்றியூரில் அப்போதுதான் முளைத்திருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு லியோனார்ட் ரமாபாயைக் கூட்டிப்போனார். தீவில் மூன்றே மூன்று ஓட்டல்கள் இருந்தன. ஓட்டலென்றால் சாப்பிடும் இடமாயிற்றே, தங்குவதற்கு லாட்ஜுதானே பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். வெள்ளைக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்றார் லியோனார்ட். முதலாவது, மேட்டின் மேல் கோபுரம் வைத்த கோட்டை. இரண்டாவது, ஜெட்டிக்கு எதிரிலேயே நிற்கும் மூன்று மாடிக் கட்டடம். மூன்றாவது, கடலோரமாகவே வெகுதூரம் போனால் ஒற்றையாய் நிற்கும் வெள்ளையடித்த வீடு. அதற்கு நேராக என்னவோ எழுதியிருந்ததை லியோனார்ட் 'பொட்டிக் ஓட்டல்' என்று படித்தார்.

'பொட்டிக்கடையா?' என்றாள் ரமாபாய்.

'பொட்டிக்கடை இல்லம்மா, பொட்டிக். அது வேற. சின்னதா, ஸ்டைலா, பெரிய மனுஷங்க தங்கற எடம்.'

'சின்னதுன்றியே, அப்ப பொட்டிக்கடதான்.'

அதற்குமேல் அவள் மனத்தை மாற்ற லியோனார்டால் முடியவில்லை. ஆனால் இது விளையாட்டில்லை. இருந்த தெம்புக்குக் குணசேகரனால் அந்தத் தீவில் ஒரே ஒரு தரம்தான் நடக்க முடியும், ஒரே ஒரு கதவைத்தான் தட்ட முடியும். அந்தக் கதவு திறக்காவிட்டால் மழையில் விழுந்துவிடுவார். அங்கே விழுந்தவர் இங்கே எழுந்திருக்கமாட்டார். நமக்குக் காலையென்றால் அங்கே ஊரே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கும் நேரம் வேறு. செருப்பில்லாத காலோடு, லுங்கி கட்டிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நடுங்கி நிற்கிற கறுத்த மனுஷனுக்கு அந்த வேளையில் எவன் கதவைத் திறப்பான்?

லியோனார்ட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்று இடத்துக்கும் போன் போட்டார். கோட்டைக்காரன் எடுத்தான், ரொம்ப மரியாதையாகப் பேசினான், வருகிறவருக்குக் காலில் ஷூ இல்லை என்றதும் வைத்துவிட்டான். மூன்று மாடிக் கட்டடத்தில் மெஷின் பேசியது; அழகாகப் பேசி, செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்றது. மூன்றாவது இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிளாக்கில் பஞ்சாயத்து கூடிற்று. கிட்டத்தில் இருக்கிற மூன்று மாடிதான் சரி, மெஷினாவது பதில் சொன்னதே என்றார்கள் எல்லாரும். லியோனார்டும் அதையேதான் சொன்னார். ரமாபாய் மட்டும் ஒரே பிடியாக நின்றாள்.

'போன் எடுக்கலன்னா ஆளு இல்லன்னு அர்த்தமா? ஒண்டியா கட நடத்தறவ சோடா ஒடப்பாளா, போன எடுப்பாளா? நானே எத்தினி தபா எடுக்காம உட்டுகீறேன். ஆனா பலகய தட்டுனா எந்நேரமானாலும் தொறந்துகீறேனா இல்லியா? புள்ளைக்கு ஜொரம்னு வந்து நின்னியே லச்சுமி, தொறந்தேனா இல்லியா?'

கூட்டத்தில் நின்ற லச்சுமி, தொறந்தீங்கக்கா என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. உண்மையில் அந்த வீடுதான் தீவிலேயே விலை கூடிய ஓட்டல், லண்டனிலிருந்து வருகிறவர்களே மாசக்கணக்கில் காத்திருந்து தங்குகிற இடம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஒருவேளை ரமாபாயும் பயந்திருப்பாள்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை, கடையை மூடிவிட்டு, குணசேகரனுக்கு வயிறு நிறையக் கஞ்சி கொடுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். வழியைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். 'ஜெட்டிலேந்து எறங்கி சோத்தாங்கை பக்கம் திரும்பு. கடலோரமாவே போ. ஜெட்டிக்கு எதுத்தாப்ல மூணு மாடி வூடு நிக்கும், அத்த பாக்காத. வெள்ள வூட்ட கண்டதும் கதவ தட்டி அக்கான்னு கூப்புடு.' அவர் கூச்சப்பட்டார். முன்னே பின்னே தெரியாத வெள்ளைக்காரப் பொம்பளையை எப்படி அக்கா என்பது என்றார். 'கடைல கீறவள வேற இன்னான்னு கூப்புடுவ?' என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தவர், இமை மூடுவதற்குள் தூங்கிப்போனார். எத்தனை நாள் தூக்கம்!

சாரல், காற்று, மழை எல்லாம் வரிசைப்படி வந்தன. அன்றைக்குப் பெய்ததுபோல் அதற்கு முன் பெய்ததில்லை. குடங்களோடு நின்றிருந்த பெண்கள்கூடக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். படுத்த வாக்கிலேயே அவர் கால்கள் மாறி மாறி அசைந்தன; நடக்கிறார் என்று தெரிந்தது. பாதங்களில் மணல் ஒட்டியது, கழுவிப்போயிற்று, மறுபடி ஒட்டியது. உதடு நீலம் பாரித்தது. ஒரு கட்டத்தில் கால்கள் நின்றுவிட்டன. லியோனார்டுக்குத் தாங்கவில்லை, எழுப்பிடலாம்மா என்று கட்டிலை நெருங்கினார். ரமாபாய் அவர் கையைத் தட்டிவிட்டாள். எழுப்பினால் இன்னொரு தரம் நடக்க அவரிடம் உயிர் இருக்காது. நான்தானே அனுப்பினேன், நான்தானே அந்த வீட்டைக் காட்டினேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். அவர் காதோரம் குனிந்து, 'இன்னும் கொஞ்சம்தான் நைனா, வந்துருச்சு நைனா' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கால்கள் மறுபடி அசைந்தன. விரல் முட்டி மடங்கிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டியது. வாய் திறந்து, 'அக்கா' என்றது. மறுபடியும் 'அக்கா, அக்கா' என்றது.

மழை நின்றது. குறையவில்லை, குழாயை மூடியதுபோல் நின்றது. கொஞ்ச நேரம் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அப்புறம் அந்த முடியை யாரோ துவட்டுவதுபோல் முன்னும் பின்னும் கலைந்தது. அறை முழுக்கச் சுடச்சுட ரொட்டி வாசனை வந்தது. குணசேகரன் ஒருக்களித்துப் படுத்தார், முழங்காலை மடக்கிக்கொண்டார், குறட்டை விட ஆரம்பித்தார். ரமாபாய் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். லியோனார்ட் சிலுவை போட்டுக்கொண்டார். குடம் கொண்டுவந்த பெண்கள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனார்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் லாரி வந்ததும் சரியாகிவிட்டார்கள். அன்று மத்தியானம் ரமாபாயும் அந்த ஈரத்தரையிலேயே புடவைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். அவளுடைய தூக்கம் எர்ணாவூரிலேயே இருந்ததால் கூப்பிட்டதும் வந்தது.

நடந்தது என்னவென்று எழுந்தபின் குணசேகரன் சொன்னார். அந்தம்மா பெயர் மோராக். விடிவதற்கு முன்பே எழுந்து கையெல்லாம் மாவாக ரொட்டி பிசைந்துகொண்டிருந்திருக்கிறாள். மழைச் சத்தத்தில் அக்கா, அக்கா என்ற குரல் அவள் காதுக்குத் தன் பெயரின் வால்போலக் கேட்டிருக்கிறது. தெரிந்தவர்கள்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவந்து திறந்திருக்கிறாள். பார்த்தால் முன்பின் தெரியாத ஆள். ஆனால் திறந்த கதவை ஆளைப் பார்த்துச் சாத்துகிற ஜாதியில்லை அவள். துண்டு கொடுத்தாள், அடுப்புக்குப் பக்கத்து அறையில் படுக்கை போட்டாள். நெஞ்சுச் சத்தம் ஆவணியில் அடங்கியது, புரட்டாசியில் குணசேகரன் பவுண்டரிக்குத் திரும்பினார். உலைச்சூடு ஏறிய உடம்பு தினமும் அங்கே போய்ப் படுத்ததில் அந்த அறை, ஊரே விறைக்கிற மார்கழியிலும் நெருப்பு மூட்டாமலே கதகதவென்று இருந்தது. மோராக் துவைத்த துணியையெல்லாம் அங்கேதான் காயப்போட்டாள். அந்தச் சூடு பரவிய அடுத்த அறைக்குத்தான் விருந்தாளிகள் போட்டி போட்டார்கள். ஆகவே அவரிடம் யாரும் ஒரு காசு கேட்டதில்லை.

வருடங்கள் ஓடின. குணசேகரன் சதை போட்டார். சில நாள் உதட்டோரம் வெண்ணெய் மினுக்க எழுந்திருப்பார், ரமாபாய் துடைத்துவிடுவாள். இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

'ரெண்டு பேரும்மா. அவரு ஓட்டல்ல கீறாரு. சாயங்காலம் வந்துருவாரு.'

டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்தாள். மண்டையைப் பிளக்கிற வெயிலில், இரண்டு காலிலும் கம்பளிச் சாக்ஸோடு ஒருவர் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பேனா மூடியைச் சத்தமில்லாமல் கழற்றினாள். அப்புறம், அங்கே ஓட்டலில் யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, 'அவர் பேர் சொல்லுங்க' என்றாள்.