அடிக்காத புயல்

இந்தச் சாலைக்கு எக்ஸ்பிரஸ் ரோடு என்று பெயர் வைத்தவரை ஒரே ஒரு நாள் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே டிரெய்லர் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மகிழினி காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு பேச்சுக்கு. கேபினில் ஏறுவாள், இறங்குவாள், ஓடிப்போய்க் கன்டெய்னரில் இருந்த சின்னத் திரையைப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். டிரைவர் வல்லரசு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னாம்மா, அதுல படம் எதுனா ஓடுதா?”

படம் இல்லை. மைனஸ் இருபது என்று ஓர் எண். அது அசையக் கூடாது. ஏனென்றால் உள்ளே இருந்தது அண்டார்டிகாவின் பனி. தென் துருவத்தில் துளை போட்டு, தூண் தூணாக உருவி எடுத்துக் கப்பலேற்றி வந்தது. அங்கே விழும் பனி உருகுவதில்லை. வருஷத்துக்கு ஒரு படலமாகப் படிந்து, மேலிருக்கும் பாரத்தில் மெல்ல இறுகிக்கொண்டே போகும். எந்த வருஷம் எரிமலை வெடித்தது, எந்த வருஷம் கடல் கொந்தளித்துக் காற்று உப்பை வாரிக்கொண்டு வந்தது என்பதெல்லாம் அந்தப் படலங்களில் அப்படியே இருக்கும்.

பெட்டிகள் பன்னிரண்டு. அதில் ஏழாவது பெட்டி மகிழினியுடையது. அதிலிருக்கும் உப்பைப் படலம் படலமாக அளந்து, இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன் தென்கடலில் அடித்த புயல்களைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. பயிற்சிக்கு ஒரு வருஷம், பனிக்கண்டத்தில் ஒரு வருஷம், இந்தப் பெட்டி கப்பலேற மிச்ச வருஷங்கள் என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. வியாசர்பாடி வீட்டுக்குப் பொங்கலுக்குக்கூட வரவில்லை. அம்மா திட்டித் தீர்த்து, பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டாள்.

கன்டெய்னர் சென்னையில் இறங்குகிறது என்றதும் வெளியூரில் இருக்கும் அவளுடைய ஆய்வகத்தின் தலைவர் தேவப்பிரியம், “உங்க ஊருதானம்மா, நீயே போய்க் கூட்டிட்டு வந்திரு” என்று சிரித்தார். சொந்த ஊர் சும்மா விடுமா? மத்தியான வெயில் உச்சிக்கு ஏறிய நேரம் பார்த்து, கன்டெய்னருக்குக் கரன்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது.

மெக்கானிக் மணலியிலிருந்து வர வேண்டும். அவர் டோல்கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அதுதான். எண் மைனஸ் பதினெட்டு ஆயிற்று, பதினாறு ஆயிற்று.  கதவைத் திறந்தால் வெயில் உள்ளே போகும். திறக்காவிட்டால் பனி உள்ளேயே செத்துப்போகும். மகிழினி நகத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் பாரி, காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குளிர் அறைக்குப் பொறுப்பாளன். “பேஜாராவாத மகி. நம்ம ரூமு மைனஸ் பதினெட்டு. தோஸ்துங்கள இட்டுக்கினு தோ வந்துகினே கீறேன்” என்றான். சொன்னபடி ஃப்ரீசர் வேனோடு வந்தான். ராங் ரூட்டில்தான் வந்தான், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவனும் தோஸ்துகளும் பச்சைக் குழந்தையைக் கைமாற்றுவது போலப் பெட்டிகளை வேனுக்கு மாற்றினார்கள். எண் அப்போது மைனஸ் பதினான்கு. பிழைத்தது என்று மகிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெனரேட்டரைச் சரிசெய்து வாங்கும் வேலை இருந்ததால் அவள் லாரியோடு நின்றுகொண்டாள். வேன் போய்விட்டது.

மெக்கானிக் வந்து, திட்டி, கழற்றி, மாட்டி, கன்டெய்னர் மறுபடி குளிர்வதற்குள் பொழுது சாய்ந்தது. வல்லரசு லாரியைக் காசிமேட்டுக்குத் திருப்பினார். லாரி நிற்கும் முன்பே மகிழினி குதித்து அந்தக் குளிர் அறைக்குள் ஓடினாள்.

பதினொரு பெட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஏழாவது மட்டும் தனியாக, மூடி திறந்து, விளிம்பு வரை உடைத்த ஐஸ் நிரம்பிக் கிடந்தது. ஐஸின் மேல் கல்லுப்பு மினுமினுத்தது.

“பொட்டி மேல உன் பேரு எழுதிகீது மகி, அதான் அதுக்கு மட்டும் ஸ்பெஷல் கவனிப்பு” என்றான் பாரி. முகமெல்லாம் பெருமை. “பிளாஸ்டிக் உறை இருந்தா குளிரு எறங்காது. கீறிவுட்டு உப்பு ஐஸு கொட்டிகீறேன். எம்மாம் குளிரு பாரு!”

காசிமேட்டில் நல்ல மீனுக்குச் செய்கிற மரியாதை அதுதான். உடைத்த ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் இன்னும் இறங்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

மகிழினி கையுறையோடு உப்பு ஐஸை வாரி வாரி வெளியே போட்டாள். தூண் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆழத்துப் பனி இன்னும் கட்டியாக இறுகாதது. பஞ்சு போல உறிஞ்சும். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அவளுக்குக் கால் தரிக்கவில்லை. அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தாள்.

பாரியின் முகம் மெல்லச் சுருங்கியது. “கெட்டுப்பூச்சா?”

“இதுல எவ்ளோ உப்பு கீதுன்னு பாக்கறதுதாண்ணா என் வேலையே.”

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் குரலைத் தாழ்த்தினான். “அப்ப சொல்லாத. புதுசா உறை போட்டுக்கலாம். பாத்தா எவனுக்குத் தெரியும்?”

ஒருவனுக்கும் தெரியாதுதான். அதுதான் கொடுமை. மேல்பரப்பைச் சீவிவிட்டு அளந்தால் உப்பு எக்கச்சக்கமாகக் காட்டும். அந்தக் காலத்தில் பெரும் புயல்கள் அடித்திருக்க வேண்டும் என்று தேவப்பிரியம் சார் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். ஆதாரம்தான் கிடைக்கவில்லை. இதோ, காசிமேட்டுக் கல்லுப்பு. பட்டம் கிடைக்கும், பாராட்டு கிடைக்கும், புத்தகத்தில் பெயர்கூட வரும். மகிழினி ஆசைப்பட்டாள். இல்லை என்று சொன்னால் பொய். ஐந்து நிமிஷம் நன்றாகவே ஆசைப்பட்டாள்.

ஆனால் அவள் இந்தக் கரையில் வளர்ந்தவள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனை அடுப்பு எரியாது என்று தெரிந்தவள். அடிக்காத புயலுக்குக் கூண்டு ஏற்றிவிட்டு எப்படித் தூங்குவது? போனை எடுத்தாள்.

“சார், ஏழாம் பெட்டி போச்சு சார். உப்பு எறங்கிடுச்சு.”

“உப்பா? உப்பு எங்கேயிருந்தும்மா வந்துச்சு? யாரு போட்டது?”

பாரி எதிரே நின்றிருந்தான். என் பெயரைச் சொல்லிக்கொள் என்பது போலத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

“எங்க அண்ணன் சார். நல்லா இருக்கட்டும்னு போட்டாரு. மத்த பதினொண்ணும் பத்திரமா இருக்கு சார். அதைக் காப்பாத்துனதும் அவருதான்.”

 தேவப்பிரியம், “அந்தப் பெட்டியை மத்ததோட ஏத்தாதம்மா. உப்பு பரவிரும். அங்கேயே விட்டுட்டு வா” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதினொரு பெட்டிகளும் லாரியில் ஏறின. மகிழினி திரும்பி வந்து பார்த்தபோது, பாரி ஏழாம் பெட்டிக்குப் புது உறை போட்டு, மூடியைச் சாத்தி, குளிர்காற்று நேராகப் படும் மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“எதுக்குண்ணா? அது இனிமே வெறும் ஐஸு. கொட்டிரு.”

“நான் கொட்ட மாட்டேன்” என்றான் பாரி. உறைந்த விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தான். “நாலு வருஷம் நீ வூட்டுக்கே வரல மகி. இதுக்குள்ளதானே இருந்த.”

வெளியே வல்லரசு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மகிழினி அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்து, அன்று முழுக்க அடக்கிவைத்திருந்த அழுகையை அழுதாள்.