பின்னாலிருந்து பார்த்தால் எல்லாக் கிடாவும் ஒன்றுதான்

என் கணவன் பாஸு வாழ்நாளில் வாங்கிய பெரிய பெயர் ஏழாம் இடம். பத்து கிலோமீட்டர் மலை ஓட்டம். ஓடியவர்கள் பதினொரு பேர், அதில் மூன்று பேர் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் போட்டு ஊரெல்லாம் சொன்னவர் என் அப்பா. நான் இருநூறு மீட்டரில் மாகாணத்துக்கே முதலாவதாக வந்தவள். பதக்கங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த அப்பாவுக்கு இந்த மாப்பிள்ளை தொண்டையில் இறங்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம், தன் ஊரான கெனிஃப்ராவிலிருந்து நாங்கள் இருக்கும் அஸ்ரூவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. பாஸுவை மருமகன் என்று சொன்னதும் இல்லை, "அந்த ஏழாவது" என்பார்.

அப்படிப்பட்டவர் இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகப் போன் செய்தார்.

"முந்தின நாளே வரேன். அந்த ஏழாவது கிடா வாங்கியிருக்கானா, இல்ல அதுக்கும் யோசிச்சுக்கிட்டு நிக்கறானான்னு பார்க்கணும். கிடா இல்லாத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

பாஸு வாங்கியிருந்தான். நாலு சந்தை சுற்றி, ஒவ்வொன்றின் பல்லையும் பார்த்து, என் உயிரை வாங்கி, ஒன்பதாவது நாள் பிடித்து வந்தான். பஞ்சுபோல் வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், முறுக்கிய கொம்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு ஆசிரியை. அறிவியலில் தசைப் பாடத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தசைக்குள் வேக நார் என்று ஒன்று உண்டு. கூப்பிட்டவுடன் பாயும், மூச்சுக்குக்கூடக் காத்திராது, கையிருப்புச் சர்க்கரையைக் கொளுத்தித் தள்ளும், ஒரு நிமிடத்தில் கையை விரித்துவிடும். மெது நாருக்கு அந்த அவசரம் கிடையாது. ரத்த ஓட்டம் நிறைய, அதனால் சிவப்பு. மூச்சுக்காற்றையும் கொழுப்பையும் சிக்கனமாகச் செலவழித்து மணிக்கணக்கில் உழைக்கும். எல்லார் உடம்பிலும் இரண்டும் இருக்கிறது, அளவுதான் ஆளுக்கு ஆள் வேறு. புரியாத பிள்ளைகளுக்குக் கோழியைச் சொல்வேன். சுவரேற நாலே தட்டுத் தட்டும் நெஞ்சில் கறி வெள்ளை. நாளெல்லாம் நடக்கும் காலில் கறுப்பு. எங்கள் வீட்டில் நான் நெஞ்சுக்கறி, பாஸு கால்கறி. அவன் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் நான் பாத்திரம் கழுவி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவேன்.

பெருநாளுக்கு முந்தைய மத்தியானம் எங்கள் வழக்கப்படி கிடாவின் நெற்றியில் மருதாணி வைக்கப் போனேன்.

"கயிறை அவிழ்க்காத, இஸ்ஸா. நான் வந்து தலையைப் பிடிக்கறேன்" என்றான் பாஸு, உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டு.

"நீ வரதுக்குள்ள அடுத்த பெருநாள் வந்துடும்."

அவிழ்த்தேன். நெற்றியில் கையை வைத்து ஒரு அப்பு அப்பினேன். அவ்வளவுதான், என்னைத் தள்ளிவிட்டுத் திறந்திருந்த கதவு வழியாகக் கிடா தெருவில் பாய்ந்தது.

நானும் பாய்ந்தேன். பதக்கம் வாங்கிய வயசுக் கால்கள் எங்கேயும் போய்விடவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ரொட்டி சுடும் பொது அடுப்பைத் தாண்டும்போது அதன் பின்தொடை மயிர் என் கையில். இழுத்தேன், ஒரு பிடி மயிர்தான் மிஞ்சியது. ஊருக்கு வெளியே வந்ததும் என் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. கிடாவும் முப்பதடி தள்ளி நின்று இரைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. அதுவும் நெஞ்சுக்கறிதான், பாவம்.

பாஸு பின்னால் மெல்ல வந்து சேர்ந்தான். செருப்பைத் தேடி எடுத்து, அதை விட்டுவிட்டு, ஓடும் காலணி மாட்டி, நாடாவும் கட்டியிருந்தான்.

"உன் பங்கு முடிஞ்சுதா? வீட்டுக்குப் போ. இனி என் பங்கு."

"கல்லெடுத்து எறிஞ்சிடாத, பாஸு. கால் நொண்டினா குர்பானிக்கு ஆகாது. சாயங்காலம் அப்பா வந்துடுவார்."

"அது ஓடும், நிக்கும், ஓடும், நிக்கும். நான் நிக்கவே மாட்டேன். தானா படுத்துடும், பாரு."

கிடா சரிவில் ஏறியது. அவனும் அதே சீரான ஓட்டத்தில் தேவதாரு மரங்களுக்குள் மறைந்தான். அவன் போன் வீட்டில் கிடந்தது.

அரை மணி போனது, ஒரு மணியும் போனது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. கிடா போனதுகூடப் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து வரும் அப்பா வாசலோடு திரும்பிவிட்டால் இனிமேல் வரவே மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் அப்பா. அவர் தலைப்பாகைத் துணியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை கிடாவின் கொம்பில்.

"டாக்ஸியை விட்டு இறங்கி வரேன், பொது அடுப்புச் சுவர் நிழல்ல நாக்கைத் தள்ளிக்கிட்டுப் படுத்துக் கிடக்கு. நெத்தியைப் பார்த்தேன். அஞ்சு விரலும் இழுவி, ஒரு கண்ணு மேல வேற மருதாணி. இவ்வளவு அவசரமா அப்பறவ என் பொண்ணு ஒருத்திதான். ஆமா, எங்க உன் ஏழாவது?"

"கிடாவைத் துரத்திக்கிட்டுப் போயிருக்கார், அப்பா."

"எந்தக் கிடாவை?"

நான் கிடாவுக்குக் கயிற்றை மாட்டி முற்றத்தில் நிறுத்தினேன்.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கிடா தள்ளாடி வந்தது. பின்னால் பாஸு, வியர்வையில் முக்கி எடுத்தவன்போல், முகமெல்லாம் பல். அவனுக்கும் பின்னால் ஐம்பதடியில் ஒரு இடையன், கம்பை ஊன்றி ஊன்றி.

"இஸ்ஸா! படுத்துடுச்சு! நான் சொல்லல? மூணு தடவை படுத்துடுச்சு!"

"அதோட நெத்தியைப் பார்த்தியா?"

"நெத்தியா?" அவன் முன்பக்கம் சுற்றி வந்து குனிந்தான். நெற்றி பால்போல் வெள்ளை. பிறகு எங்கள் முற்றத்தில் நின்ற கிடாவைப் பார்த்தான். "இஸ்ஸா, ரெண்டு மணி நேரமும் நான் இதோட வாலைத்தான் பார்த்தேன்."

இடையனுக்கு மூச்சு வந்துவிட்டது. "எட்டு கிலோமீட்டர்! இவங்க கிடா என் மந்தைக்குள்ள ஒரு பக்கமா நுழைஞ்சு மறுபக்கமா ஊரைப் பார்த்து இறங்கிடுச்சு. இந்த ஆளு என் கிடாவை ஓட்டிக்கிட்டுப் போறான். நான் திருடன் திருடன்னு கத்தறேன், இவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டறான்!"

"ஏன்டா நிக்கல?" என்றார் அப்பா. பாஸுவிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

பாஸு தலையைக் குனிந்துகொண்டான். "காத்துல ஒண்ணும் காதுல விழல, மாமா. ஒருத்தர் பின்னால ஓடி வரார்னு மட்டும் தெரிஞ்சுது. இத்தனை வருஷம் ஓடியிருக்கேன், எனக்குப் பின்னால யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. அதான்... நிக்க மனசு வரல."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். இடையன் முறைத்துப் பார்த்துவிட்டு, புதினாத் தேநீர் மூன்றாவது குவளையில் தானும் சிரித்துவிட்டான். ஆனால் அவன் கவலை தீரவில்லை. இந்தக் கிடா மலைமேல் ஒரு வீட்டுக்கு விற்றாகிவிட்டது. வீட்டுக்காரர் காத்திருப்பார், இவன் கத்தியதில் பாஸுவின் திருட்டுப் பட்டம் வேறு அங்கே பரவியிருக்கும்.

அப்பா எழுந்தார். "கிடாவைப் பொறுமையா நடத்திக்கிட்டுப் போவோம், நொண்டிடக் கூடாது. நானும் வரேன்."

"உங்க முட்டி வலிக்குமே, அப்பா. நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நீ போனா திருடனோட பொண்டாட்டி வந்திருக்கான்னு சொல்லுவாங்க. பெரிய மனுஷன் ஒருத்தன் போய், இவன் என் மருமகன்னு சொல்ல வேணாமா?"

பாஸு என்னைப் பார்த்தான். நான் கிடாவின் கயிற்றைப் பார்த்தேன், கண்ணில் நீர் முட்டியது.

"வா மருமகனே" என்றார் அப்பா. "மெதுவா நட. அதான் உனக்கு நல்லா வருதே."

இடையனோடும் அவன் கிடாவோடும் போனார்கள். அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம் பாஸுவும் நின்றான். நிற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். நான் வாசலில் எங்கள் கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி, அவர்கள் சரிவில் மறையும்வரை அசையாமல் நின்றேன்.